ஒரு நாள் பிசகினால்: சிறு பெக்கேஜ் எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு

பிள்ளை,

நீ எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் பெக்கேஜை என்பிஎம்மில் போட்டுவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். இலங்கைத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தால் பிறந்த திகதியையும், ஆணா பெண்ணா என்பதையும் சொல்லுமாம். பழைய இலக்கத்தைப் புதிய பன்னிரண்டு இலக்கமாக மாற்றியும் தருமாம். நூறு வரிகூட வராது. அதற்கு டெஸ்ட் எழுத ஜெஸ்ட் நல்லதா, மோக்கா நல்லதா என்று கேட்டிருந்தாய். நேற்றிரவு உன் கோட் முழுவதையும் உட்கார்ந்து வாசித்தேன். கருவியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. அதைப் பிடிக்கிற கையைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது.

1. ஒரே இருப்பில் வாசித்து முடிக்கக்கூடிய கருவியை எடு. ஜெஸ்டும் மோக்காவும் நல்லவைதான். பெரிய குழுக்களுக்கு, பெரிய செயலிகளுக்கு அவை வேண்டும். உன்னுடையதோ நூறு வரி. அதைச் சோதிக்க ஏராளமான பெக்கேஜ்களை இறக்கி வைப்பது எனக்குக் கண்ணில் உறுத்துகிறது. ஜேம்ஸ் ஹாலிடே எழுதிய டேப் என்ற சின்னக் கருவி இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட்டிலேயே ஒரு டெஸ்ட் கருவி உண்டு. 2022இல் நோட் 18உடன் வந்தது, அடுத்த வருடம் 20ஆம் பதிப்பில் நிலைபெற்றது. உன் லெப்டொப்பில் அது ஏற்கெனவே இருக்கிறது, இன்ஸ்டோல் செய்ய ஒன்றுமே இல்லை.

டேப் தரும் விடையை ஒருமுறை நிதானமாகப் பார். டெஸ்ட் சரியென்றால் ஒரு வரி, ‘ஓகே 1’. பிழையென்றால் ‘நொட் ஓகே 2’, அதன் கீழே எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன என்ற விவரம். ‘1..11’ என்று இன்னொரு வரி, மொத்தம் பதினொரு டெஸ்ட் என்று அர்த்தம். இவ்வளவுதான். 1987இல் பேர்ள் மொழியோடு பிறந்த வழக்கம் இது. இத்தனை வருடமாகியும் அதன் அடிப்படை மாறாததற்குக் காரணம், மனிதனும் வாசிக்கலாம், இயந்திரமும் வாசிக்கலாம் என்பதுதான். அந்த எண்ணிக்கை வரியை அலட்சியம் செய்யாதே. பதினொன்று என்று சொல்லிவிட்டு ஒன்பதுதான் ஓடியது என்றால், ஓடிய ஒன்பதும் ஓகே ஆனாலும் மொத்தம் தோல்வி. பாதியில் செத்துப்போன டெஸ்ட் அப்படித்தான் பிடிபடும்.

2022 மார்ச்சை நீ மறந்திருக்க மாட்டாய். மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. கரண்ட் எடுக்கும் விக்டோரியா அணைக்கட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு மெழுகுதிரி கொளுத்தினோம். டவரில் பெட்டரி இறங்கினால் சிக்னலும் போய்விடும். அந்த நாட்களில் என்பிஎம் இன்ஸ்டோல் என்று அடித்துவிட்டுப் பாதியில் நின்ற பையன்களையும் பார்த்தேன், நோட்டோடு வரும் அசேர்ட் ஒன்றையே வைத்துக்கொண்டு வேலையை முடித்த பிள்ளைகளையும் பார்த்தேன். கரண்ட் வந்தபிறகும் இந்தப் பிள்ளைகள் பழக்கத்தை மாற்றவில்லை. டெஸ்ட் ஒரு நொடியில் முடிந்தால் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஓட்டுவாய். இரண்டு நிமிடம் எடுத்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்பாய். நாளை என்பது பக்குகளுக்குப் பிடித்த நாள்.

2. அந்த ‘எக்ஸிட் 1’ஐ ‘எக்ஸிட் 0’ ஆக்காதே. என்பிஎம் இனிட் என்று அடித்தவுடன் அது ஒரு பெக்கேஜ் கோப்பை எழுதித் தரும். அதில் டெஸ்ட் என்ற இடத்தில், ‘டெஸ்ட் எதுவும் குறிப்பிடப்படவில்லை’ என்று சொல்லிவிட்டு ஒன்று என்ற எண்ணோடு வெளியேறும் கட்டளை இருக்கும். ஒன்று என்றால் தோல்வி, பூச்சியம் என்றால் வெற்றி. டெஸ்ட் இல்லாத பெக்கேஜ் தோற்றதாகவே கணக்கு என்று அந்தக் கருவி முதல் நாளே நியாயமாகச் சொல்கிறது. அவசரக்காரர்கள் அந்த ஒன்றைப் பூச்சியமாக மாற்றிவிட்டுப் பச்சை நிறத்தைப் பார்த்து மனம் ஆறுவார்கள். ஓர் எழுத்துத்தான். ஆனால் அந்த ஓர் எழுத்தை மாற்றுகிறவனை நான் வேலைக்கு எடுக்க யோசிப்பேன்.

3. சிவப்பைக் கண்ணால் பார்க்காமல் பச்சையை நம்பாதே. டெஸ்ட் எழுதியதும் கோடில் ஒரு வரியை வேண்டுமென்றே கெடுத்துப் பார். உன் பெக்கேஜில், அடையாள அட்டையில் பெண்களுக்குக் கூட்டியிருக்கும் 500ஐ நாள் எண்ணில் இருந்து கழிக்கும் வரி ஒன்று இருக்கிறது. அதை அழித்துவிட்டு டெஸ்ட்டை ஓட்டு. அப்போதும் எல்லாம் ஓகே என்று வந்தால், அந்த வரியை உன் டெஸ்ட் பார்க்கவே இல்லை. ஒரு கம்பனியில் மாதக்கணக்கில் பச்சையாக இருந்த ஒரு டெஸ்ட் கோப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. கோப்பின் பெயர் கருவி தேடுகிற மாதிரி இல்லை, அதனால் அது ஒருநாளும் ஓடியதே இல்லை. ‘பூச்சியம் டெஸ்ட், பூச்சியம் தோல்வி’ என்று திரை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பூச்சியம் தோல்வியை எல்லோரும் வாசித்தார்கள், பூச்சியம் டெஸ்ட்டை ஒருவரும் வாசிக்கவில்லை.

4. உனக்குத் தெரிந்த பிறந்தநாளை மட்டும் சோதிக்காதே. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்கு அது சரி, எல்லாப் பருக்கையும் ஒரே கொதியில் வேகிறது. கோடில் ஒவ்வொரு பருக்கைக்கும் தனி அடுப்பு. உன் டெஸ்ட்டில் இரண்டே இரண்டு இலக்கம் இருக்கிறது: உன்னுடையது, உன் அம்மாவுடையது. நீ ஜூலை, அவள் செப்டெம்பர். என் இலக்கத்தைப் போட்டிருந்தால் அன்றைக்கே ஒன்று பிடிபட்டிருக்கும், நான் தை மாதத்துக்காரன். அது என்னவென்று அடுத்ததில் சொல்கிறேன். முதலில் பெப்ரவரிக் கதை.

அடையாள அட்டையில் வருடத்துக்குப் பிறகு வரும் மூன்று இலக்கம் பிறந்த நாள். ஜனவரி முதலாம் திகதி 001, டிசம்பர் 31 என்றால் 366. பெண்ணென்றால் 500 கூட்டி, 501இல் இருந்து 866 வரை. எந்த வருடமானாலும் 366தான், ஏனென்றால் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே எண்ணியிருக்கிறார்கள். லீப் வருடம் இல்லாவிட்டாலும் மார்ச் முதலாம் திகதி 61தான். ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட்டுக்கு இது தெரியாது. 1962ஆம் வருடத்தின் 61ஆவது நாள் எது என்று கேட்டால் அது நாணயமாக மார்ச் 2 என்று சொல்லும்.

நம் திகனையில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிற ஒரு கடையில் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். யாரோ எழுதிக் கொடுத்த செயலி. கடைப் பையன் இலக்கத்தை அடித்தால் பிறந்த திகதி தானாக விழும். ராஜவெல்லப் பக்கத்தில் இருந்து வந்த ஓர் அம்மா, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு திரையைப் பார்த்து, “தம்பி, நான் ஒண்ணாந் திகதி பொறந்தவ” என்றார். பையன், “கொம்பியூட்டர்ல அப்படித்தான் வருது அம்மா” என்றான். அவர் கைப்பையைத் திறந்து, பொலித்தீன் உறையில் மடித்து வைத்திருந்த பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். பையன் அதைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், பிறகு திரையில் வந்ததையே பிரிண்ட் எடுத்தான். எழுதியவனின் டெஸ்ட்டில் இல்லாத ஒரு திகதிக்காக அந்த அம்மா திரும்பவும் பஸ் ஏறி வரவேண்டியிருந்தது.

ஆகவே ஓரங்களைச் சோதி. 000 வரக்கூடாது. 001, 059, 061, 366 வரலாம். 367 கூடாது, 500 கூடாது, 501 ஆகும், 866 ஆகும், 867 ஆகாது. 060 மட்டும் வருடத்தைப் பொறுத்தது: 1964இல் அது பெப்ரவரி 29, 1962இல் அப்படி ஒரு நாளே இல்லை. 2000 லீப் வருடம், 1900 இல்லை. இவ்வளவையும் ஒரு சின்ன அட்டவணையாக எழுதி, ஒரே சுற்றில் ஓட்டலாம். இதற்கு எந்தப் பெரிய கருவியும் வேண்டாம்.

5. சரியான விடை வந்ததும் ஏன் வந்தது என்று கேள். இதுதான் எனக்கு உன்னிடம் சொல்லவேண்டிய முக்கியமான விஷயம், கொஞ்சம் பொறுமையாக வாசி. நீ எழுதியிருப்பதிலும் அந்தப் பெப்ரவரிப் பிழை இருக்கிறது. ஆனால் உன் டெஸ்ட் இரண்டும் ஓகே என்கின்றன. எப்படி?

டேட்டிடம் வருடத்தையும் நாளையும் கொடுக்கிறாய். லீப் அல்லாத வருடங்களில் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களுக்கு அது ஒரு நாள் கூடுதலாகத் தருகிறது. பிறகு நீ அதை டு ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங் கொண்டு எழுத்தாக்கி முதல் பத்து எழுத்தை வெட்டி எடுக்கிறாய். டேட் தந்தது இலங்கை நேரப்படி நள்ளிரவு. ஐஎஸ்ஓ எழுத்து கிரீன்விச் நேரத்தில் வரும். இங்கே நள்ளிரவு என்றால் அங்கே முதல் நாள் மாலை ஆறரை. ஆக ஒரு நாள் குறைகிறது. முதல் பிழை ஒரு நாளைக் கூட்டியது, இரண்டாவது பிழை ஒரு நாளைக் குறைத்தது. திகனையில் உன் லெப்டொப்பில் ஜூலைப் பிள்ளைக்கும் செப்டெம்பர் அம்மாவுக்கும் சரியான திகதி வருகிறது. எனக்கு மட்டும் ஒரு நாள் முந்துகிறது, ஏனென்றால் ஜனவரியில் கூட்டுகிற பிழை இல்லை, குறைக்கிற பிழை மட்டும்தான். லீப் வருடத்தில் பிறந்தவர்கள் எந்த மாதமானாலும் எனக்குக் கூட்டாளிகள்.

இதே கோடை கிட்ஹப்பின் சேர்வரில் ஓட்டிப் பார். அங்கே கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. குறைக்கிற பிழை மறைந்துவிடும், கூட்டுகிற பிழை தலைநீட்டும். என்னுடைய திகதி சரியாகிவிடும், உங்கள் இருவருடையதும் கெட்டுவிடும். “என் மெஷினில் சரியாகத்தானே ஓடியது” என்ற வசனம் இப்படித்தான் பிறக்கிறது. சொல்கிறவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் கேட்கவேண்டிய அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

அதனால் நேர வலயத்தைச் சொல்லும் மாறியை மாற்றி மாற்றி, ஒருமுறை கொழும்பு, ஒருமுறை கிரீன்விச், ஒருமுறை நியூயோர்க் என்று டெஸ்ட்டை ஓட்டு. கொழும்புக் கடிகாரமே ஒரே இடத்தில் நின்றதில்லை. 1996 மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள், 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்கே திரும்பினார்கள். நீ பிறந்தபோது நாடு ஆறு மணித்தியாலக் கணக்கில் இருந்தது. நேரத்தோடு விளையாடுகிற எந்தக் கோடும் இதையெல்லாம் சுமக்கவேண்டும். ஆனால் பிறந்த திகதிக்கு நேரம் எதற்கு? பன்னிரண்டு மாதத்தின் நாள் கணக்கை ஒரு வரிசையில் எழுதி, பெப்ரவரிக்கு 29 போட்டு, மாதம் மாதமாகக் கழித்துக்கொண்டு போ. டேட்டை விட்டுவிடு. இரண்டு பிழையும் ஒரே நேரத்தில் போய்விடும்.

6. ஈக்குவல் என்ற பெயரை நம்பாதே. நோட்டின் அசேர்ட்டில் வெறும் ஈக்குவல் தளர்வானது. 1971 என்ற எண்ணையும், மேற்கோளுக்குள் இருக்கும் 1971 என்ற எழுத்தையும் ஒன்றென்று விட்டுவிடும். உன் பெக்கேஜ் வருடத்தை எழுத்தாகத் திருப்பித் தருகிறது. யாராவது அதனோடு ஒன்றைக் கூட்டினால் 1972 வராது, 19711 வரும். டேப்பின் ஈக்குவல் கண்டிப்பானது, நோட்டில் ஸ்ட்ரிக்ட் ஈக்குவல் என்று கேட்டு வாங்கவேண்டும். தளர்ந்த தராசில் நிறுத்துப் பழகினால் கை கெட்டுவிடும்.

7. மனிதர்கள் அடிக்கிற மாதிரி அடித்துப் பார். பழைய இலக்கத்தின் கடைசியில் வரும் வியைச் சின்னதாக அடிப்பார்கள், சிலருக்கு அங்கே வரும் எக்ஸை மறப்பார்கள், நடுவில் இடைவெளி விடுவார்கள், வட்ஸ்அப்பில் இருந்து கொப்பி செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத எழுத்தொன்று ஒட்டிக்கொண்டு வரும். எதை மன்னிப்பாய், எதைத் திருப்பி அனுப்புவாய் என்று முதலில் முடிவெடு. பிறகு அந்த முடிவை டெஸ்ட்டாக எழுது. முடிவெடுக்காமல் விட்டால் கோட் தானாக ஒரு முடிவெடுக்கும், அது பெரும்பாலும் அசட்டு முடிவாக இருக்கும்.

அடுத்ததாகத் தமிழ்ப் பெயர்களை அட்டையில் அச்சிட ஒரு பெக்கேஜ் எழுதப்போவதாகச் சொன்னாய். அங்கே உன் பொறுமைக்கு நல்ல வேலை இருக்கிறது. ‘தமிழ்’ என்பதன் நீளத்தை ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கேட்டால் ஐந்து என்னும், எழுத்தையும் புள்ளியையும் விசிறியையும் தனித்தனியாக எண்ணுவதால். ‘கொ’வை இரண்டு விதமாக அடிக்கலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஒப்பிட்டால் வேறு என்று வரும். இதற்கு நோர்மலைஸ் செய்தால் சரியாகும். ஆனால் ஔகாரக் குறியின் இடத்தில் ‘ள’ எழுத்தை அடிக்கிறவர்களை நோர்மலைஸ் காப்பாற்றாது. இருவிதமாக அடிக்கப்படும் ஸ்ரீயையும் அது ஒன்றாக்காது. எழுத்தெழுத்தாகப் பிரிக்க இன்டல் செக்மென்டர் இருக்கிறது. ‘தமிழ்’ அதில் மூன்றாகவே வரும், ஸ்ரீ மட்டும் இரண்டாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட். வெளிநாட்டுக்காரன் இதை உனக்காக எழுதித் தரமாட்டான். நாம் எழுதினால்தான் உண்டு.

8. அனுப்புகிற பெட்டியைத் திறந்து பார். 2020 ஏப்ரல் 25ஆம் திகதி, இஸ் பிரொமிஸ் என்ற பெக்கேஜின் புதிய பதிப்பு வெளியானது. அந்தப் பெக்கேஜின் வேலை ஒரே வரி வேலைதான். ஆனால் அன்றைக்குப் புதிதாக ரியெக்ட் செயலி தொடங்கப் போனவர்கள் உலகம் முழுக்க மாட்டிக்கொண்டார்கள். அந்த ஒரு வரியில் பிழை இல்லை. எந்தக் கோப்பை வெளியே காட்டுவது என்று பெக்கேஜ் கோப்பில் எழுதிய இடத்தில்தான் பிழை. உள்ளேயிருந்து ஓடிய டெஸ்ட்டுகளுக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் அவை வாசல் வழியாக வரவில்லை. அதை எழுதியவர் சில மணித்தியாலத்தில் திருத்தினார், பிறகு என்ன நடந்தது, எங்கே கவனப்பிசகு என்று ஒளிக்காமல் எழுதி வைத்தார். கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் உண்டு, அப்படி எழுதுகிற நேர்மைக்காரர்கள் குறைவு.

நீ செய்யவேண்டியது: என்பிஎம் பேக் என்று அடி, ஒரு பொதி வரும். வேறொரு வெறும் போல்டருக்குப் போய் அந்தப் பொதியை இன்ஸ்டோல் செய், நீ யாரென்று தெரியாத ஒருவர் அழைப்பதுபோல அழைத்துப் பார். புதிய நோட்டில் ஒருமுறை, பழையதில் ஒருமுறை.

9. கடன் வாங்குமுன் கணக்குப் பார். 2016 மார்ச்சில் லெஃப்ட் பேட் என்ற பதினொரு வரிப் பெக்கேஜை எழுதியவர் கோபத்தில் அதை என்பிஎம்மில் இருந்து எடுத்துவிட, பெரிய பெரிய நிறுவனங்களின் வேலை நின்றது. அதற்குப் பிறகுதான், மற்றவர்கள் நம்பியிருக்கும் பெக்கேஜைச் சுலபமாக எடுக்க முடியாதபடி என்பிஎம் சட்டத்தை மாற்றியது. பதினொரு வரியை நீயே எழுதலாம், நீயே டெஸ்ட் பண்ணலாம். இன்னொரு பக்கமும் யோசி: நாளைக்கு உன் பெக்கேஜையும் யாரோ நம்பியிருப்பார்கள். 2004 சுனாமிக்குப் பின் நம் நாட்டுப் பிள்ளைகள் இரவு பகலாக எழுதிய சகானா மென்பொருள், மறு வருடம் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியில் வேலைக்கு வந்தது. எழுதியபோது யாரும் அதை நினைத்திருக்க மாட்டார்கள்.

10. அம்மாவின் இலக்கத்தை எடுத்துவிடு. கோபிக்காதே, இதை உடனே செய். அந்த டெஸ்ட் கோப்பு கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அடையாள அட்டை இலக்கத்தில் வயது இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு போனில் பேசி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 2022இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க நாட்டில் ஒரு சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் இன்னொருவரின் இலக்கம் நம் சொத்தல்ல. வரிசை எண்ணுக்கு எல்லாம் பூச்சியம் போட்டு, நீயே ஓர் இலக்கத்தைக் கட்டு. கிட் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும், அந்த வரலாற்றில் இருந்தும் நீக்கவேண்டும். எப்படி என்று தெரியாவிட்டால் கேள்.

11. திருத்தியதை வெளியிடும்போது வாயைத் திற. பக்கைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு, ‘சிறு திருத்தங்கள்’ என்று ஒரு வரி போடுவது நம் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதி. உன் பழைய பதிப்பை யாரோ எடுத்துப் போட்டிருக்கலாம். அவர் வைத்திருக்கும் பட்டியலில் எந்தத் திகதிகள் பிசகியிருக்கும் என்று அவருக்குத் தெரியவேண்டும். ஆகவே முதலில் தோற்கிற டெஸ்ட்டுகளை எழுது, பிறகு கோடைத் திருத்து, மூன்று நேர வலயத்திலும் ஓட்டு, பொதி கட்டிப் பார், வெளியிடு. பழைய பதிப்புக்கு என்பிஎம் டெப்ரிகேட் கட்டளையால் ஒரு எச்சரிக்கை வை. ரீட்மியில் மூன்று மொழியிலும் இப்படி எழுது: இலங்கை நேரத்தில் ஓடிய கணினிகளில், ஜனவரி, பெப்ரவரியில் பிறந்தவர்களுக்கும் லீப் வருடத்தில் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் குறைந்து வந்தது. கிரீன்விச் நேரத்தில் ஓடிய சேர்வர்களில், மற்ற வருடங்களில் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களுக்கு ஒரு நாள் கூடி வந்தது. சேமித்து வைத்த திகதிகளைத் திரும்பவும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கள வரிகளை எழுத உன் கெம்பஸ் சிநேகிதி யாரையாவது கேள். தமிழ் வரிகளை எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.